ஒன்பதுக்கு எட்டு

பொது மருத்துவமனையின் புறநோயாளிகள் கூடத்தில், மருந்து கொடுக்கும் சன்னலுக்கு எதிர்ச்சுவரில், முப்பத்தொரு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுட்ட மண்ணால் ஆனவர்கள். ஒருத்தி மடியில் பையை வைத்துக்கொண்டு தூங்குகிறாள். ஒருவர் தம் கட்டுப்போட்ட காலை அந்நியனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். சுவரின் அகலம் பதினாறு அடி, உயரம் எட்டு அடி, ஓடுகள் இருநூற்று எண்பத்தெட்டு. ஓடுகளுக்கு நடுவே உள்ள இணைப்பு இடைவெளிகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கீழே உள்ள பித்தளைத் தகட்டில், இதனை வடிவமைத்துச் செய்தவர் என்று ஒரு பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. செய்தவர் அவர் அல்லர். செய்தவர் என் அக்கா.

இதை நான் கோபத்தில் எழுதவில்லை. கோபத்தில் எழுதியவை பதினொரு கடிதங்கள். அவற்றின் நகல்கள் தனிக் கோப்பில் இருக்கின்றன. இங்கே எழுதுவது அக்காவின் வாழ்க்கையை.

எங்கள் அப்பா பீங்கான் தொழிற்சாலையில் சூளைக்காரர். வாஷ்பேசின்களும் கழிப்பறைக் கோப்பைகளும் இரும்புத் தள்ளுவண்டிகளில் ஏறி, நீண்ட சூளையின் ஒரு வாயில் நுழைந்து, ஒன்றரை நாள் கழித்து மறுவாயில் வெளியே வரும். அப்பாவின் வேலை வெப்பத்தைப் பார்த்துக்கொள்வது. அக்காவுக்குப் பதின்மூன்று வயதானபோது, அவர் தம் சாப்பாட்டு டப்பாவில் கழிவுக் களிமண் கொண்டுவந்து கொடுத்தார்.

“சாப்பாடு கொண்டுபோற டப்பாவுல சேத்தை வழிச்சு வச்சிருக்கீங்களே, நாளைக்கு இதுலயே சோறு கட்டித் தரவா?” என்று அம்மா சத்தம் போட்டார்.

அக்கா அந்த மண்ணில் அப்பாவின் தலையைச் செய்தார். கெட்டியாக இருந்தால் சூளையில் வெடித்துவிடும் என்று அப்பா சொன்னதால், பின்புறத்தைப் பிளந்து, அம்மாவின் குழம்புக் கரண்டியால் உள்மண்ணைச் சுரண்டி எடுத்தார். இரண்டு வாரம் காய்ந்தபின் அது வாஷ்பேசின்களுக்கு இடையில் சூளைக்குப் போனது. திரும்பி வந்ததும் அப்பா அதை மேசையில் வைத்து, பக்கத்தில் தம் முகத்தையும் வைத்தார். தலை சிறியதாக இருந்தது.

“என்னடி இது? என்னைச் செய்யச் சொன்னா என் தம்பியச் செஞ்சு வச்சிருக்க?”

“எல்லாம் சுருங்கிருக்கு, அந்த மொறைப்பு மட்டும் சுருங்கல. நீங்கதான்” என்றார் அம்மா.

எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. எவ்வளவு சுருங்கும் என்று கேட்டார். காயும்போது கொஞ்சம், சூளையில் கொஞ்சம், மண்ணைப் பொறுத்தது என்று அப்பா சொன்னார். அந்தப் பதில் அக்காவுக்குப் போதவில்லை. ஈரமண்ணை உருட்டித் தட்டிக் கட்டையாக்கி, அதன்மேல் என் பள்ளிக்கூட அளவுகோலை வைத்து ஒன்பது அங்குல இடைவெளியில் இரண்டு கோடுகள் கீறி, தேதியும் எழுதிச் சூளைக்கு அனுப்பினார். திரும்பி வந்த கட்டையில் அந்தக் கோடுகளுக்கு இடையே எட்டு அங்குலம் இருந்தது. மறுமுறையும் எட்டு. அப்படி இருபத்திரண்டு கட்டைகள் செய்த பிறகு, சமையலறைக் கதவின் பின்புறம் சாக்கட்டியால் எழுதினார்: எட்டு வேண்டுமென்றால் ஒன்பது செய்ய வேண்டும். பள்ளிக்கூடத்தில் அக்கா வாங்கிய மதிப்பெண்கள் எதுவும் எங்கள் வீட்டில் அந்தக் கதவைப்போலப் பாதுகாக்கப்படவில்லை.

பதினேழு வயதில் அதே தொழிற்சாலையின் வார்ப்புப் பிரிவில் சேர்ந்தார். கூழ்மண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும் அச்சைப் பிரித்து, வாஷ்பேசினின் ஓரங்களை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். நாளொன்றுக்கு இருபத்தாறு வாஷ்பேசின்கள். சேர்ந்த இரண்டாம் ஆண்டு ஒரு புது அச்சு வந்தது. அக்கா அதில் கையை வைத்துப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளரிடம் சொன்னார்: “சார், துளையை இன்னும் கால் அங்குலம் பெருசு பண்ணுங்க. சுட்டா குழாய் உள்ள போகாது.”

“நீ பஞ்சைப் பிடிம்மா. கால் அங்குலத்தை நாங்க பிடிச்சுக்கறோம்.”

மூன்று மாதங்களில் நானூறு வாஷ்பேசின்கள் கடைகளிலிருந்து திரும்பி வந்தன. குழாய் உள்ளே போகவில்லை. அன்றிலிருந்து அக்காவுக்குக் ‘காலங்குலம்’ என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் அதன் பிறகு எந்தப் புது அச்சு வந்தாலும், “காலங்குலம் பாத்தாச்சா?” என்று கேட்டுவிட்டே கூழை ஊற்றினார்கள்.

மதிய இடைவேளையில், கூழ்த்தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, அக்கா சிறு உருவங்கள் செய்தார். அச்சைத் தோளில் தூக்கிப் போகிற பெண்கள், மூட்டைமேல் சாய்ந்து தூங்கும் காவலாளி, ஒற்றைச் செருப்பைத் தேடுகிறவர். சூளை வண்டியில் வாஷ்பேசின்களுக்கு நடுவே இருக்கும் காலி இடங்களில் அவை ஏறிப் போயின. மேலதிகாரிகள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்கள். தொழிலாளர் குடியிருப்பில் தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் அக்காவின் பொம்மை இல்லாத வீடு ஒன்றிரண்டுதான். எல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்தவை. திருமணப் பேச்சு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் பேச்சாகவே நின்றது. அதைப் பற்றி அக்கா பேசியதில்லை. ஆகவே நானும் எழுதவில்லை.

நான் அக்காவுக்கு ஐந்து வயது இளையவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதே தொழிற்சாலையில் பொருள் அனுப்பும் பிரிவில் அட்டைப்பெட்டி கட்டினேன். அலுவலகம் கழித்துப்போட்ட விதிமுறைப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, அகராதியை வைத்து, ஓராண்டில் படித்து முடித்தேன். பிறகு குடியிருப்பில் யாருக்கு விடுப்பு வேண்டும், யாருடைய பிறப்புச் சான்றிதழில் பிழை என்றாலும் மனு எழுதிக் கொடுத்தவன் நான்தான். எழுதிய ஒவ்வொன்றின் நகலும் என்னிடம் இருக்கும். அக்கா என்னைப் ‘பைலு’ என்று கூப்பிடுவார்.

“பைலு, அம்மா நேத்து என்ன திட்டினாங்கன்னு நகல் இருக்கா?”

“சிரிக்காதேக்கா. ஒருநாள் காகிதம்தான் பேசும்.”

“அன்னிக்கு நான் வாய மூடிக்கறேன்.”

இந்த உரையாடலை நான் பின்னாளில் பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அக்காவுக்கு முப்பத்தெட்டு வயதானபோது, தொழிற்சாலை தன் ஐம்பதாம் ஆண்டு நினைவாகப் பொது மருத்துவமனைக்கு ஒரு சிற்பச் சுவர் தருவதாக அறிவித்தது. பொறுப்பு தலைமை வடிவமைப்பாளருக்கு. அவர் வாஷ்பேசினின் வளைவை அழகாக வரையக்கூடியவர். மனித முகத்தை வரையத் தெரியாது என்பது அவருக்கே தெரியும். வார்ப்புப் பிரிவுக்கு வந்து அக்காவிடம், “நீ செய்மா. நான் மேல பாத்துக்கறேன்” என்றார். அவர் சொன்ன சொல் அதுதான். எழுத்தில் தரவில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை. என் வாழ்க்கையில் கேட்டு வாங்காத காகிதம் அது ஒன்றுதான்.

பழைய கிடங்கு ஒன்றை ஒதுக்கித் தந்தார்கள். பெட்டிக்குள் போடும் பழுப்புத் தாளை நான் சுருள் சுருளாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அதை ஒட்டி, பதினெட்டு அடி அகலமும் ஒன்பது அடி உயரமுமாகத் தரையில் விரித்து, கரியால் முப்பத்தொரு பேரையும் வரைந்தார். பிறகு அதன்மேல் ஒன்பது அங்குலக் கட்டங்கள் போட்டார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஓடு. அதற்கென்று கலந்த மண்ணில், வழக்கம்போல ஒரு கட்டையும் செய்து கோடு கீறிச் சுட்டுப் பார்த்துக்கொண்டார். பதினான்கு மாதங்கள் ஆயின. தூங்குகிற பெண் எங்கள் அம்மா. வலமிருந்து நான்காவதாக, நெஞ்சோடு கோப்பு ஒன்றை அணைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவன் நான்.

“எனக்கு என்னக்கா வியாதி?” என்று கேட்டேன்.

“உனக்கு ஒண்ணுமில்ல. யாருக்கோ கையெழுத்து வாங்க வந்திருக்க.”

திறப்பு விழாவில் அக்கா கடைசி வரிசைக்கும் பின்னால், தண்ணீர்க் குழாயருகே நின்றார். திரையை விலக்கியபோது கைதட்டினார்கள், அக்காவும் தட்டினார். தகட்டில் இருந்த பெயரை நான்தான் போய்ப் படித்துவிட்டு வந்து சொன்னேன். “சுவரு நேரா நிக்குதா, அதைச் சொல்லு முதல்ல” என்றார். நான் அன்றே மனு எழுத வேண்டும் என்றேன். “எழுதினா வண்டியில இடம் தரமாட்டாங்கடா. பொம்மையெல்லாம் பச்சை மண்ணாவே கிடக்கும்.” அவருக்குத் தேவைப்பட்டது சூளை ஒன்றுதான். பெயரை விட்டுக்கொடுத்து அதை வைத்துக்கொண்டார்.

எட்டு ஆண்டுகளில் அதுவும் போனது. வார்ப்புக்கு இயந்திரங்கள் வந்தன. அக்காவுக்கு ஏற்கெனவே இருமல் இருந்தது. உலர்ந்த ஓரங்களைத் தேய்க்கும்போது எழும் தூசியை முப்பது ஆண்டுகள் சுவாசித்தவருக்கு வரும் இருமல். உடல்நிலையைக் காட்டி ஓய்வு கொடுத்தார்கள். வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வந்த அக்கா, வீட்டில் சன்னலோரம் ஒரு பலகையைப் போட்டு, மறுநாளே மண் பிசைந்தார். சுடுவதற்கு இடமில்லை.

நகரில் இன்னொரு சூளை இருந்தது. அரசு கலை மையத்தின் பொதுச் சூளை. பதிவுபெற்ற கலைஞர்கள் மட்டுமே பயன்படுத்தலாம். பதிவுபெற, பொது இடத்தில் நிறுவப்பட்ட ஒரு படைப்பாவது இருக்க வேண்டும். அக்காவுக்கு அப்படி ஒன்று இருந்தது. அதன் கீழே வேறொருவர் பெயர் இருந்தது.

விண்ணப்பத்தை நான் தயாரித்தேன். இணைப்புகள் பத்தொன்பது. வார்ப்புப் பிரிவுத் தோழிகள் மூவரின் வாக்குமூலம், கிடங்குச் சாவியைப் பெற்றுத் திரும்பக் கொடுத்த பதிவேட்டின் நகல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பதினெட்டு அடிச் சித்திரம். அதை எட்டு ஆண்டுகளாகப் பூச்சி அரிக்காமல் குழாயில் சுருட்டி வைத்திருந்தவன் நான். இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா என்று இருந்தது. புறப்படும்போது அக்கா சமையலறைச் சன்னலுக்கு முட்டுக்கொடுத்திருந்த மண்கட்டையை எடுத்தார். அந்தச் சுவருக்காகச் சுட்டுப் பார்த்த கட்டை அது.

“இதையும் எடுத்துட்டுப் போவமா?”

“அது எதுக்குக்கா? அதுல முத்திரையும் இல்ல, கையெழுத்தும் இல்ல. ஆவணமா அது? நீ ஒண்ணும் பேசாம வா. கோபத்துல ஏதாவது சொல்லிடுவ.”

அக்கா கட்டையைத் திரும்பவும் சன்னலுக்கு வைத்தார்.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஓவியர், மற்றவர்களில் ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் அதிகாரி. மண்ணைத் தொட்டவர் யாரும் இல்லை. தலைமை வடிவமைப்பாளர் நேரில் வரவில்லை, கடிதம் அனுப்பியிருந்தார். “அப்பெண்மணி என் மேற்பார்வையில் உதவியவர்களுள் ஒருவர், நல்ல உழைப்பாளி” என்று எழுதி, தம் சித்திரம் ஒன்றையும் இணைத்திருந்தார். வெள்ளைத்தாளில், மைக்கோடுகளால், அளவுகள் குறித்து வரையப்பட்டது.

எங்கள் சித்திரம் மேசையில் கொள்ளவில்லை. தாழ்வாரத்தில் விரித்து, ஊழியர் ஒருவர் நாடாவால் அளந்தார். தலைவர் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“பதினெட்டுக்கு ஒன்பது. மருத்துவமனைச் சுவர் பதினாறுக்கு எட்டு. அவர் கொடுத்த படமும் பதினாறுக்கு எட்டு, அங்குலம் பிசகாம இருக்கு. உங்க படம் இந்தச் சுவரோடதே இல்லபோல இருக்கேம்மா?”

அக்கா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் குழு விரும்பவில்லை என்பதை அவர்கள் முகத்தில் பார்த்தேன். “சார், மண்ணு...” என்று அக்கா தொடங்கினார். நான் அவர் கையை அழுத்தினேன். “அக்கா, நான் சொல்றேன்” என்றேன்.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதியாக வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பெட்டி கட்டியவன் நான். பெட்டி கட்டுகிறவனுக்கு உள்ளே வைக்கும் பொருளைவிடப் பெட்டி எப்போதும் பெரியது. நாலாபுறமும் கொஞ்சம் இடம் விடுவது அவன் கைப்பழக்கம். அளவு கூடியிருக்கிறது என்று கேட்டதும் என் புத்திக்கு எட்டியது அது ஒன்றுதான். அப்பாவின் தலை நினைவுக்கு வரவில்லை. தினமும் பார்த்து வளர்ந்த சமையலறைக் கதவு நினைவுக்கு வரவில்லை.

“ஐயா, அது ஓரத்துக்காக விட்ட இடம். சுற்றிலும் ஓரடி, அரையடி விட்டுத்தான் வரைவது வழக்கம்” என்றேன்.

வழக்கறிஞர் எழுந்துபோய்த் தாழ்வாரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். “ஓரமே இல்லையே. கடைசி ஆளோட முழங்கை தாளோட விளிம்புல இருக்கு.”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர், “நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. தம்பி சொல்லிட்டான்.”

திரும்பும் பேருந்தில், மூன்றாம் நிறுத்தத்தைத் தாண்டியதும் அக்கா மெதுவாகச் சொன்னார்: “ஒன்பதுக்கு எட்டுடா, பைலு.”

அப்போதுதான் எனக்குச் சமையலறைக் கதவு நினைவுக்கு வந்தது. பதினாறு அடியில் படம் வரைந்து அந்த அளவில் ஒருவர் ஓடு செய்திருந்தால், சூளையிலிருந்து பதினான்கு அடிக்குச் சற்று மேற்பட்ட சுவர்தான் வந்திருக்கும். அங்குலம் பிசகாத அந்தப் படம், சுவர் எழுந்த பிறகு அதைப் பார்த்து வரைந்த படம். எங்கள் படம் பொருந்தாததுதான் எங்கள் ஆதாரம். அதை நானே என் வாயால் ஓரம் என்று சொல்லி வெட்டி எறிந்திருந்தேன்.

“தெரிஞ்சும் ஏன்க்கா பேசாம இருந்த? அவரே கேட்டாரே!”

“நீ சொன்னதுக்கு அப்புறம் நான் வேற சொன்னா, உன்னைப் பொய்யன்னுல்ல எழுதியிருப்பாங்க. நீ எவ்வளவு ஆசையா கோப்பு கட்டிட்டு வந்த.” சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “விடு. நம்ம நிறுத்தம் வருது.”

மேல்முறையீட்டை ஒன்பதாம் நாளே கொடுத்தேன். சன்னலிலிருந்து கட்டையை எடுத்து, அளவெடுத்து, விளக்கம் எழுதி இணைத்தேன். நாற்பது நாள் கழித்து வந்த பதில் இது: “விண்ணப்பதாரரின் பிரதிநிதி முன்னர் அளித்த விளக்கத்துக்கு இது முரணானது; பின்னர் சேர்க்கப்பட்டதாகக் கருத இடமுண்டு. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.” கட்டையைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது: “ஆவணம் அன்று.” நான் சொன்ன அதே சொல்.

அதற்குப் பிறகு அக்கா பதினோராண்டுகள் வாழ்ந்தார். அவ்வளவு காலமும் செய்துகொண்டே இருந்தார். மருத்துவமனைச் சுவரின் பெஞ்சுக்கு எதிரே இன்னொரு பெஞ்சு இருந்தால் அதில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒவ்வொருவராகச் செய்தார். சுடாத மண் கல் ஆவதில்லை. மழைக்காலத்து ஈரத்தில் அது வியர்க்கும். விரல் பட்டால் மாவாக உதிரும். மூன்று நான்கு மாதங்கள் வைத்துப் பார்ப்பார். பிறகு வாளித் தண்ணீரில் இறக்குவார். முகம் முதலில் கரையும். அந்த மண்ணையே பிசைந்து அடுத்தவரைச் செய்வார். ஒவ்வொன்றையும் நான் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன். நூற்றுப்பதினேழு படங்கள் இருக்கின்றன. உருவம் ஒன்றுகூட இல்லை.

வியாழக்கிழமைகளில் கலை மையத்தில் சூளை திறப்பார்கள். அக்கா போய் வாசலில் நின்று பார்ப்பார். சூளைப் பொறுப்பாளர் நல்லவர். உள்ளே கூப்பிட்டு ஒரு நாற்காலி போடுவார். யார் யாரோ சுட்டவை வெளியே வருவதைப் பார்த்துவிட்டு அக்கா வீட்டுக்கு வருவார். வந்து, எது விரிசல் விட்டது, ஏன் விட்டது என்று எனக்குச் சொல்வார். மூச்சு வாங்க வாங்கச் சொல்வார்.

நுரையீரலில் படிந்த தூசி இனி இறங்காது என்று மருத்துவர் சொன்ன பிறகு, மாதம் இருமுறை பொது மருத்துவமனைக்குப் போனோம். புறநோயாளிகள் கூடத்தில், அந்தச் சுவரின் அடியில் உட்கார்ந்து, எண் கூப்பிடும் வரை காத்திருப்போம். ஒருநாள் பக்கத்தில் ஓர் அம்மாள், கையிலிருந்த மருந்துச் சீட்டால் விசிறிக்கொண்டே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் பொம்பளையப் பாத்தீங்களா? நம்பர் கூப்பிடறதுக்குள்ள தூங்கிட்டா. நானும் நாலு வருஷமா பாக்கறேன், எழுந்திரிக்கவே மாட்டேங்கறா.”

“எங்க அம்மா அப்படித்தான்” என்றார் அக்கா.

அந்த அம்மாள் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப அந்தப் பைலைக் கட்டிட்டு இருக்கானே, அவன்?”

“அவனா? அவன் எனக்காகத்தான் உட்கார்ந்திருக்கான். இன்னும் கையெழுத்து ஆகல.”

நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். திரும்பும்போது அக்கா தலையைச் சுவரில் சாய்த்து, விரலை விரித்து ஓர் ஓட்டின் அகலத்தைச் சாணால் அளந்துகொண்டிருந்தார். “எட்டு. சரியா இருக்கு” என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து தொடங்கியதுதான் கடைசி உருவம். எதிர்ப் பெஞ்சிலிருந்து எழுந்து நிற்கும் ஒரு பெண். அவள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு கை பெஞ்சின் விளிம்பை இன்னும் விடவில்லை. உயரம் இருபத்தேழு அங்குலம். ஐந்து மாதங்கள் ஆயின. ஒரு நாளைக்கு அரைமணி நேரத்துக்குமேல் அக்காவால் உட்கார முடியவில்லை. முடித்ததும், “இவளைக் கரைக்காதே” என்றார். சுடு என்று சொல்லவில்லை. பதினேழாம் நாள் காலை பத்து மணியளவில் மருத்துவமனையில் இறந்தார். இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. திருத்த மனு கொடுத்திருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்துச் சூளைப் பொறுப்பாளர் வீட்டுக்கு வந்தார். சன்னலோரம் நின்ற உருவத்தை நெடுநேரம் பார்த்தார்.

“அண்ணே, கணுக்கால்ல கீறல் விழ ஆரம்பிச்சிருக்கு. அடுத்த மழைக்குத் தாங்காது. எடுத்துட்டு வாங்க. ஒவ்வொரு சூடு போடும்போதும் சூட்டைச் சோதிக்க ஒரு மாதிரித் துண்டு வைக்கலாம், அதுக்குப் பதிவு எண் வேண்டாம். அந்தக் கணக்குல வச்சுத் தர்றேன்.”

“இதை அவங்க இருந்தப்பவே செஞ்சிருக்கலாமே!” என் குரல் உயர்ந்துவிட்டது.

“கேட்டேன் அண்ணே. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. ‘மாதிரித் துண்டுன்னு எழுதியா என் புள்ளைங்கள உள்ள அனுப்புவ? அதுங்க பேரோட போகட்டும், இல்லாட்டி வாளியிலயே கிடக்கட்டும்’னுட்டாங்க.”

அவர் போன பிறகு, கீறலைப் பார்த்தேன். மயிரிழைதான். நான்கு நாள் அந்த உருவத்தின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அக்காவின் விருப்பம் என்ன என்பது எனக்கு இப்போது தெரியும். கரைக்காதே என்பதும் அவர் சொன்னதுதான். ஐந்தாம் நாள், பழைய வேலையின் பழக்கத்தில், நாலாபுறமும் இடம் விட்டு ஒரு பெட்டி கட்டி, அவளை உள்ளே வைத்துக் கலை மையத்துக்குக் கொண்டுபோனேன். மறுபடியும் அக்காவின் சார்பில் நானே பேசினேன்.

வியாழக்கிழமை சூளை திறந்தது. முழுதாக வந்திருந்தாள். கணுக்காலில் ஒரு கோடு, அவ்வளவே. நாடாவைப் பிடித்தேன். இருபத்துநான்கு அங்குலம். பதிவேட்டில் கலைஞர் பெயர் என்ற கட்டத்தில் கோடு போட்டு, விவரம் என்ற கட்டத்தில் ‘மாதிரித் துண்டு ஒன்று’ என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் கேட்டேன். பொறுப்பாளர் தயங்கினார், பிறகு கொடுத்தார். என் கோப்புகளில், பொய் என்று தெரிந்தே நான் வைத்திருக்கும் காகிதம் அது ஒன்றுதான். அதன் பின்புறம் இரண்டு அளவுகளையும் எழுதித் தேதி போட்டிருக்கிறேன்.

போனபோது கட்டிய பெட்டி இப்போது அவளுக்குப் பெரியதாக இருந்தது. உள்ளே ஆடினாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்தேன். இன்னும் லேசாகச் சூடு இருந்தது. பக்கத்து இருக்கையில், காய்கறிப் பையோடு இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

“அழகா இருக்கே. யார் செஞ்சது?”

“எங்க அக்கா.”

“அப்படியா” என்றார். தலையை ஆட்டிவிட்டு, மறுபடியும் அவளைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.